வலப்பக்கம் இழுக்கும் துப்பாக்கி

பலூனை வாயில் வைத்து நாளெல்லாம் ஊதியவர்களுக்குத்தான் தெரியும், அந்த ரப்பரின் கசப்பும் அதன்மேல் தூவியிருக்கும் பவுடரின் மணமும் நாக்கில் ஏறிவிட்டால் சோறு தின்றாலும் மோர் குடித்தாலும் இறங்காது, மறுநாள் காலையில் பல் விளக்கும்போதுகூட அடித்தொண்டையில் நின்றுகொண்டிருக்கும். பதின்மூன்று வயதிலிருந்து எனக்கு அந்தக் கசப்புதான் பங்குனி மாதம், அந்தக் கசப்புதான் சித்திரை மாதம். அப்பா திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவர். அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. தேர் எங்கே, தீமிதி எங்கே என்று பார்த்து, வாலிகண்டபுரத்துக்கு ஒரு வாரம், எறையூருக்கு இரண்டு நாள் என்று காற்றில் சுடும் ஏர் கன் மூன்றையும் ஒரு பெரிய பலகையையும் கறுப்புத் துணியையும் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போவோம். அம்மாவுக்குக் கரும்பு வெட்டும் வேலை, கூட வரமாட்டாள். அதனால் எட்டாம் வகுப்பில் மூன்று மாதம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதன்பிறகு போய் உட்கார்ந்தபோது கரும்பலகையில் இருந்த எதுவும் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் என்னையே பார்ப்பதுபோலப் பயமாக இருந்தது. நானே நின்றுகொண்டேன். யாரும் நிறுத்தவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை.

பயம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. கடையில் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். சுட வருகிறவன் துப்பாக்கியை மறந்துபோய் இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் என்ன ஆவது, ஈய ரவை பலகையில் பட்டுத் திரும்பி யார் கண்ணிலாவது தெறித்தால் என்ன ஆவது, மழை வந்தால், காற்று வந்தால், கூட்டமே வராவிட்டால் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே பலூன் ஊதுவேன். அப்பா, "ஏ பெரியவளே, காத்தை உள்ள விடு, கவலையை விடாத, வெடிச்சிரும்" என்பார்.

என் தங்கை மலர்க்கொடி வேறு மாதிரி. என்னைவிட ஒரு வயதுதான் சின்னவள். விடுமுறை நாளில் மட்டும் கடைக்கு வருவாள். மத்தியானம் இரண்டு மணிக்குத் திருவிழாக் கூட்டமெல்லாம் நிழல் தேடிப் போய்ப் படுத்துவிடும், அப்பாவும் பலகைக்குப் பின்னால் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் துப்பாக்கியை எடுத்துச் சுடுவோம். எனக்கு ஒன்றும் படாது. துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'மூக்குத்தி'. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது 'பள்ளம்'. பள்ளத்துக்கு நடுவில் மூக்குத்தி தெரியவேண்டும், மூக்குத்திக்கு மேலே பலூன் உட்காரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நான் பிடித்தால் அந்த மூக்குத்தி என் நெஞ்சு அடிக்கும் அடிக்கெல்லாம் குதிக்கும். ஒரு நேரம் சிவப்புப் பலூனில் இருக்கும், அடுத்த நேரம் மஞ்சளில் இருக்கும். எங்கே இருக்கிறதோ அங்கே டக்கென்று விசையை இழுத்துவிடுவேன். ரவை எங்கே போனது என்று ரவைக்கே தெரியாது.

மலர் பிடித்தால் மூக்குத்தி அசையாது. அதை எப்படிச் செய்கிறாள் என்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, சுட்டுச் சுட்டு அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். "கையால தூக்காதக்கா, எலும்பு மேல வையி" என்பாள். இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே, விலா எலும்பை ஒட்டி, பந்தலுக்குக் கால் நட்டதுபோல நிற்கும். உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா உட்கார்ந்திருக்கும், விரல்கள் அதை இறுக்காது. துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கம் தோள் குழிக்குள் பொருந்தியிருக்கும். கன்னத்தைக் கட்டையில் தலையணையில் வைப்பதுபோல வைப்பாள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். அப்புறம் மூச்சு. ஒரு மூச்சு இழுத்து, பாதி விட்டு, மீதியை அப்படியே நிறுத்திவிடுவாள். அந்தச் சின்ன நேரத்துக்குள் சுடவேண்டும். நேரம் கடந்துபோனால் சுடமாட்டாள், துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நானாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று சுட்டுத் தொலைத்திருப்பேன். இறக்கி வைக்கும் அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

"பலூனைப் பாக்காத. மூக்குத்தியைப் பாரு. பலூன் மங்கலாத் தெரிஞ்சாப் போதும்" என்பாள். விசையை இழுக்கக்கூடாதாம், அழுத்திக்கொண்டே இருக்கவேண்டுமாம். "எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக்கூடாதுக்கா. தெரிஞ்சா நீ பயந்துருவ." என்னைப் பற்றி இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. ஒரு புளியங்கொட்டையைக் குழலின் மேல் வைத்துவிட்டு, ரவை போடாமல் வெறுமனே விசையை அழுத்திப் பழகுவாள். கொட்டை விழாமல் பத்துத் தடவை செய்துவிட்டுத்தான் ஒரு ரவை கேட்பாள். நான் வைக்கப்போனால் அந்தக் கொட்டை குழலில் நிற்கவே நிற்காது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் துப்பாக்கிகள் மூன்றும் வலப்பக்கம் இழுக்கும். பலூனுக்கு நேராகப் பிடித்தால் ரவை வலப்பக்கம் போய், அந்தப் பலூனுக்கும் அடுத்த பலூனுக்கும் நடுவில் பலகையில் குத்தும். அப்பா பலூனுக்குப் பலூன் ஒரு சாண் விட்டுத்தான் கட்டுவார். ஏன் இழுக்கிறது என்று ஒரு தடவை கேட்டதற்கு, "துப்பாக்கின்னா வலப்பக்கம் இழுக்கும்மா, அது அதோட குணம்" என்றார். அப்பா சொன்னால் சரியாகத்தானே இருக்கும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முந்தின நாள் அவர் துணி சுற்றிய ஒரு சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு துப்பாக்கிகளைத் 'துடைப்பார்'. நாங்கள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மலர் பலூனின் இடப்பக்க ஓரத்துக்கு வெளியே, காற்றைக் குறிபார்த்துச் சுடுவாள். பலூன் வெடிக்கும். ஒரு மத்தியானத்தில் ஒரு வரிசை முழுவதையும் ஒன்றுகூடத் தப்பாமல் வெடிக்க வைத்தாள். சத்தத்தில் எழுந்த அப்பா பலகையைப் பார்த்துவிட்டு, "போதும்டி சின்னது, ஊதுறவளை நினைச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் கூடியதும், "கன்னு சரியில்லைன்னு சொல்றவங்க பாருங்க, எம்பொண்ணு சுடுவா" என்று அவளைத்தான் முதலில் சுடச் சொன்னார்.

மலர் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு அணிவகுக்கும் மாணவிகள் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் 'பரேடு' என்று பெயர். திருச்சியில் நடக்கும் முகாமுக்குச் சுடுவதில் நன்றாகச் செய்கிற சிலரை அனுப்புவார்கள், போய்வந்தால் சர்டிபிகேட் பரீட்சை எழுதலாம், பின்னால் போலீஸ் வேலைக்குப் போகும்போது அது மார்க் கூட்டிக் கொடுக்கும் என்று பரேடு டீச்சர் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வருஷம் இடுப்பு வலி. பலகை தூக்க ஆள் வேண்டும். "ஒம்போதோட போதும், ரெண்டு பேரும் கடையைப் பாருங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர், மலர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, அந்தக் கேம்புக்குப் பேரு வந்தாப் படி. வரலைன்னா கேக்கக்கூடாது." அதற்குமேல் பேச்சில்லை.

பேர் வந்தால் பத்தாம் வகுப்பு, இல்லாவிட்டால் பலூன். அந்தப் பேர் வரவேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் இல்லாவிட்டால் என்ன என்பது எனக்குத் தெரியும். அந்தக் கசப்பை நான் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தேன்.

சுடும் நாள் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது என் கவலையெல்லாம் வாய் வழியாக வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பழகியது மரக்கட்டைத் துப்பாக்கியில்தான், நிஜத் துப்பாக்கியை அன்றைக்குத்தான் தொடப்போகிறார்கள். "மலரு, அது பெரிய துப்பாக்கி. நம்மளதைவிட இழுப்பும் பெருசா இருக்கும். நல்லா இடப்பக்கமாவே பிடி."

"கவர்மெண்டு துப்பாக்கியும் இழுக்குமாக்கா?"

"எல்லாத் துப்பாக்கியும் இழுக்கும்டி. அப்பா சொல்லியிருக்காருல்ல."

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். போய்விட்டாள். போன பிறகு பார்த்தால் அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் சாமி படத்துக்கு முன்னால் கிடக்கிறது. அது இல்லாமல் சுட விடமாட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன்.

ஊருக்கு வெளியே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழிதான் சுடும் இடம். வண்டிப் பாதை வழியாக உள்ளே இறங்கினால் மூன்று பக்கமும் பனைமர உயரத்துக்கு வெள்ளைச் சுவர், வெயிலில் கண் கூசும். சுவரெல்லாம் கிளிஞ்சல் பதிந்த கல்லாக இருக்கும். எந்தக் காலத்திலோ அங்கே கடல் இருந்ததாம். தப்பிப் போகும் குண்டு அந்தச் சுவரில் புதைந்துவிடும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சிவப்புக் கொடி நட்டு, கயிறு கட்டி, தார்ப்பாய் விரித்து, எதிரே பலகைகளில் கறுப்பு வட்டம் போட்ட குறித்தாள்களை மாட்டியிருந்தார்கள். டீச்சரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டேன். போ என்று யாரும் சொல்லவில்லை.

சுட வைத்தவர் ராணுவத்திலிருந்து வந்த ஒரு ஹவில்தார். உடையார்பாளையம் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஆளுக்கு ஐந்து ரவை. எண்ணிக் கொடுத்து, சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாவையும் எண்ணி வாங்கிக்கொள்வார், ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் மண்ணைச் சலித்துத் தேடவேண்டும். நான்கு நான்கு பேராகக் குப்புறப் படுக்க வைத்தார். மலர் மூன்றாவது. அவளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஜெயந்தி என்று ஒரு பெண்.

விசில் ஊதியதும் மற்றவர்களின் துப்பாக்கி முனையெல்லாம் காற்றில் ஆடும் நாணல் மாதிரி ஆடின. சத்தம் அந்தக் குழிக்குள் சுவருக்குச் சுவர் மோதி நாலு மடங்காகக் கேட்டது. ஜெயந்தி மூன்று ரவை சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். மலர் அசையவில்லை. இரண்டு முழங்கையும் தார்ப்பாயில் ஊன்றியிருக்க, கால்கள் விரிந்து தரையோடு ஒட்டியிருக்க, அவள் முதுகு மட்டும் ஒரு தடவை ஏறி, பாதி இறங்கி, நின்றது. அப்புறம் சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. ஒரு தடவை துப்பாக்கியை இறக்கி வைத்துக் கண்ணை மூடித் திறந்துவிட்டு மறுபடி கன்னத்தை வைத்தாள். எல்லோரும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நான்காவது ரவையில்தான் இருந்தாள். நான் பெருமையில் நிறைந்துபோய் நின்றேன். என் தங்கை என்று பக்கத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது.

ஹவில்தார் சார் போய்க் குறித்தாள்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். "யாரும்மா மூணாம் நம்பரு?"

"நான்தான் சார்."

"வட்டம் இங்க இருக்கு. நீ எங்கம்மா சுட்டே, ஜெயங்கொண்டத்தையா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. ஐந்தும் இடப்பக்க ஓரத்தில், வெள்ளைத் தாளில் இருந்தன. டீச்சர் நோட்டில் சுழி போட்டார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இடப்பக்கம் பிடி என்று சொன்னது நான்.

ஹவில்தார் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அந்த ஓட்டைகளின்மேல் வைத்தார். ஐந்தும் மறைந்துபோயின. எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இங்க வாங்க எல்லாரும். சிரிச்சீங்கள்ல, வந்து பாருங்க. அஞ்சும் ஒரு தீப்பெட்டிக்குள்ள. குறியை மாத்தறது ஒரு நிமிஷம். இந்தப் பிடிப்பு வர்றதுக்கு எங்க ஆளுங்களுக்கே வருஷக்கணக்காகும்." அப்புறம் மலரிடம், "ஏம்மா இவ்வளவு இடப்பக்கமாப் பிடிச்சே?" என்றார்.

"துப்பாக்கி வலப்பக்கம் இழுக்கும்ல சார்."

"யாரு சொன்னா?"

"எங்கப்பா சார். எங்க வூட்டுல மூணு இருக்கு. மூணுமே இழுக்கும்."

"வூட்டுல மூணா? அப்பா என்ன பண்றாரு?"

"திருவிழாவுல பலூன் கடை சார்."

அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போனதைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் துணி சுற்றிய சுத்தியல் என் கண்முன் வந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள், ஒவ்வொரு மூக்குத்தியின்மேலும், அது ஒரு மயிரிழை சாயும்படி, மெதுவாக, டொக். பலூனுக்குப் பலூன் ஒரு சாண். இத்தனை வருஷம் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். மலரின் முகத்தைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது. அவளுக்கும் விளங்கிவிட்டது. இனி ஹவில்தார் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க அப்பாவைப் பற்றித்தான் பேசும்.

அவர் மற்றப் பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "அந்தத் துப்பாக்கிக்கு உங்கப்பா சொன்னதுதான் சரி" என்றார். "இது வேற ரகம். இது எந்தப் பக்கமும் இழுக்காது. நீ காட்டுற எடத்துக்குப் போகும்." அவ்வளவுதான். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு பேச்சை அந்த இடத்தில் யோசித்துச் சொல்ல எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

டீச்சர், "மார்க் சுழிதானே சார்?" என்றார்கள்.

"சுழிதான் டீச்சர். ஆனா நாலாம் நம்பரு ரெண்டு ரவையை அப்படியே வச்சுட்டு அழுவுது. ஏம்மா, நீ சுடுறியா?"

ஜெயந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"அப்ப அந்த ரெண்டையும் இந்தப் பொண்ணு சுடட்டும். ரெண்டும் கறுப்புக்குள்ள போனாப் பேரு எழுதுங்க."

மலர் மறுபடி படுத்தாள். கன்னத்தைக் கட்டையில் வைத்தவள் எடுத்தாள். திரும்பிக் கயிற்றுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அவள் கை இடப்பக்கம் காற்றைப் பார்த்துப் பழகியது. இப்போது நேராகப் பிடிக்கவேண்டும். நேராகப் பிடித்தால் நேராகத்தான் போகும் என்று நம்பவேண்டும். நம்பினால் அப்பா சொன்னது பொய் என்று ஆகும். இடது என்றும் சொல்ல முடியாது, நேர் என்றும் சொல்லத் தைரியமில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, ஒரு காக்கை மட்டும் கத்தியது. அப்புறம் இன்னொரு சத்தம்.

தாள் வந்தது. ஒரு ஓட்டை வட்டத்துக்கு நட்ட நடுவில். மற்றொன்று பழைய பழக்கம் கொஞ்சம் பிடித்து இழுத்ததோ என்னவோ, இடப்பக்கம் தள்ளி, கறுப்பின் விளிம்பில் பாதியும் வெள்ளையில் பாதியுமாக இருந்தது. டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு ஹவில்தாரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கோட்டைத் தொட்டா உள்ளதான் டீச்சர். அது எங்க சட்டம்" என்றார். டீச்சர் பெயரை எழுதினார்கள்.

அன்றைக்கு மலர் சைக்கிளில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அப்பாவை என்ன கேட்பாளோ, அவர் என்ன சொல்வாரோ, வீட்டில் சண்டை வந்தால் அம்மா அழுவாளே என்று நான் மிதிக்க மிதிக்க யோசித்தேன். அப்பா வாசலில் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"பேரு வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

ஆணியைக் கீழே வைத்தார். "எப்படி, இழுத்துச்சா?"

மலர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "இல்லப்பா. அந்தத் துப்பாக்கியில ஏதோ கோளாறு. நேராச் சுடுது."

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல முகத்தை மூடிக்கொண்டார், துண்டுக்குள் அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. "பத்தாம் வகுப்புக்கு என்னென்ன நோட்டு வேணும்னு எழுதிக் குடு" என்றார் துண்டுக்குள்ளிருந்தே. அடுத்த தேருக்குப் போனபோது மூன்று துப்பாக்கிகளில் ஒன்று நேராகச் சுட்டது. எது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைகள் வந்தால் மட்டும் அதை எடுத்துக் கொடுப்பார்.

மலர் திருச்சிக்குப் போனாள், வந்தாள், படித்தாள். போலீஸ் வேலைக்கு உயரம் அரை அங்குலம் போதவில்லை. இப்போது துறையூர்ப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அவள் தன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், அந்தச் சுண்ணாம்புக் குழியைக் காட்டவேண்டும் என்று போனோம். குழி இல்லை. எத்தனையோ மழைக்காலத்துத் தண்ணீர் நிறைந்து பச்சையாக ஒரு குளம் கிடக்கிறது. இறங்கிப் போன வண்டிப் பாதை, தார்ப்பாய் விரித்த இடம், குண்டு புதைந்த சுவர் எல்லாம் அடியில். சுற்றிக் கம்பி வேலி, அதிலும் பாதி சாய்ந்துவிட்டது.

"எந்த எடத்துலக்கா படுத்தேன்?" என்றாள். இருவரும் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தோம், பிடிபடவில்லை.

இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு ரெண்டாவது தடவை சுடுறதுக்கு முன்னாடி என்னைப் பாத்தியே, எதுக்குடி?"

"இடப்பக்கம்னு நீ கையைக் காட்டுவியோன்னு பாத்தேன். காட்டியிருந்தா இடப்பக்கம்தான் சுட்டிருப்பேன். நீ கண்ணை மூடிக்கிட்ட. சரி, இனிமே கேக்கறதுக்கு ஆளில்லைன்னு ஆயிருச்சு. அப்புறம்தான் துப்பாக்கியைப் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் அவளுடைய சின்னவன் சாய்ந்த வேலியில் கால் வைத்து ஏறி, தண்ணீரில் கல் விட்டெறிந்துகொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.